பொருள்: ரேடான் 'மிட்டிகேஷன்', 'சர்டிஃபைடு' – தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமை அச்சு)

பூங்கோதை (எடிசன், நியூ ஜெர்சி):

அன்பின் குழுமத்தாருக்கு வணக்கம். இங்கே வீடு வாங்கும் தமிழர்களுக்காக ஒரு கையேடு தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ரேடான் பற்றிய பக்கங்கள் என் பொறுப்பு. மண்ணிலுள்ள யுரேனியம் சிதையும் வரிசையில் ரேடியத்திலிருந்து பிறக்கும் வாயு, நிறமும் மணமும் அற்றது, நிலவறை விரிசல் வழியே வீட்டுக்குள் ஏறும், நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலுக்கு அடுத்த காரணம் என்பதையெல்லாம் எழுதிவிட்டேன். ஆட்களைக் குறிக்கும் இடத்தில்தான் நிற்கிறேன். எங்கள் மாநிலத்தில் காசு வாங்கிக்கொண்டு ரேடான் அளப்பவரும், அதைக் குறைக்கும் அமைப்பைப் பொருத்துபவரும் மாநிலச் சுற்றுச்சூழல் துறையிடம் 'சர்டிஃபிகேஷன்' பெற்றிருக்க வேண்டும். இரண்டு வேலையிலும் 'ஸ்பெஷலிஸ்ட்', 'டெக்னீஷியன்' என்று இரு படிகள். நான் எழுதி வைத்திருப்பவை: ரேடான் நீக்கம், சான்றிதழ் பெற்றவர், புதுப்பித்தல். தட்டிக் கேட்க ஆள் வேண்டும்.

செழியன் (பென்சில்வேனியா):

இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், 'நீக்கம்' வேண்டாம். திறந்தவெளிக் காற்றிலேயே லிட்டருக்கு 0.4 பிக்கோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அளவுக்கு ரேடான் உண்டு. வீட்டுக்குள் அதைச் சுழியாக்க எவராலும் இயலாது. 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் குறையுங்கள் என்கிறது கூட்டரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. நாங்கள் தளத்தில் துளையிட்டு, பிவிசி குழாய் இறக்கி, விசிறி வைத்து, அடிமண்ணிலிருந்து வாயுவை இழுத்துக் கூரைக்கு மேலே விடுகிறோம். அளவு குறையும், அற்றுப்போகாது. 'நீக்கம்' என்று அச்சிட்டால், மறுசோதனையில் 1.3 வந்த தாளை நீட்டி, 'நீக்கிவிட்டேன் என்றீர்களே' என்று வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

புலவர் மாறனார் (தஞ்சாவூர்):

செழியன் சொல்வது சரி. வள்ளுவரே வழிகாட்டியிருக்கும்போது நாம் ஏன் அலைய வேண்டும்? 'நோய்நாடி நோய்முதல் நாடி அதுதணிக்கும் வாய்நாடி வாய்ப்பச் செயல்.' நோய் நாடுவது சோதனை; நோய்முதல் என்பது அடிமண்; தணிக்கும் வாய்தான் தம்பி பொருத்தும் குழாய். ஆகவே 'தணிப்பு'. தண் என்னும் வேர் குளிர்ச்சி; தணிதல், தணிவு, தணிகை எல்லாம் அதன் கிளைகள். முருகன் சினம் தணிந்த மலை திருத்தணிகை.

ஆனால் 'ரேடான்' என்பதை மட்டும் ஏன் அப்படியே விழுங்குகிறோம்? இந்தத் தனிமத்துக்கு முன்பு 'நைட்டன்' என்று பெயர் இருந்தது. ஒளிர்வது என்ற இலத்தீன் வேர். 'ஒளிர்வளி' என்று நாமும் சொல்லலாமே? 'சான்றிதழ்' என்பதிலும் எனக்கு நிறைவில்லை. சாட்சிக்குப் பழந்தமிழ்ச் சொல் 'கரி'. 'இந்திரனே சாலுங் கரி' என்பது குறள். 'கரிபெற்ற தணிப்பர்' என்றால் எவ்வளவு செறிவாக இருக்கிறது!

நித்திலா (சென்னை):

ஐயா, வேதியியல் ஆசிரியை என்ற முறையில் இரண்டு விண்ணப்பங்கள். ரேடான் குளிர்ந்து திடமானால்தான் ஒளிரும். நிலவறையில் அது ஒளிர்ந்திருந்தால் யாருக்கும் சோதனையே தேவைப்பட்டிருக்காது. அடுத்தது, வீட்டில் ரேடான் அளக்க வைக்கும் டப்பாக்களில் பெரும்பகுதி கரி நிரப்பியவை. நீங்கள் சொன்னபடி எழுதினால் 'கரிபெற்றவர் கரிக்குடுவையைக் கரியோடு திறக்க வேண்டும்' என்று வரும். படிப்பவர் முகத்தில்தான் கரி பூசுவோம்.

'தணிப்பு' நல்ல சொல். காலநிலை மாற்றம் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் 'மிட்டிகேஷன்' என்பதற்கு ஏற்கெனவே அதுதான் வழங்குகிறது.

சிவநேசன் (டொராண்டோ):

எங்கள் ஊர் வழக்கையும் ஒருக்கால் பாருங்கள். இலங்கையில் சான்றிதழை அத்தாட்சிப்பத்திரம் என்றும், லைசென்ஸை அனுமதிப்பத்திரம் என்றும் எழுதிப் பழகிவிட்டோம். சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாமல் வண்டி ஓட்டினால் பொலிஸ் பிடிக்கும் என்பது பிள்ளைக்கும் தெரியும். லைசென்ஸுக்குத் தமிழ்நாட்டில் சொல்லும் 'உரிமம்' எனக்கு வயல் உறுதி (நிலப் பத்திரம்) மாதிரிக் கேட்கிறது. கனடாவில் தலையிடும் அளவே வேறு, கன மீட்டருக்கு 200 பெக்கரல் (இதுவும் கதிரியக்க அலகுதான்). உங்களுடைய 4 பிக்கோகியூரி 148 பெக்கரல்தான். ஆகவே கையேட்டை இங்கே மறுபதிப்பு செய்ய எண்ணாதீர்கள்.

புலவர் மாறனார்:

அத்தாட்சி 'அஸ்த சாக்ஷி' என்பதன் திரிபு என்பாரும் உளர். பத்திரம் வடமொழி என்பதில் ஐயமே இல்லை. சிவநேசன் அவர்கள் ஒரே சொல்லில் இரண்டு கடன் வாங்கியிருக்கிறார். கரியைப் பொறுத்தவரை இடம் நோக்கிப் பொருள் கொள்வது தமிழ் மரபு. யானையும் கரிதான், அதனால் எவரும் அடுப்பில் யானையைப் போட்டதில்லை.

செழியன்:

ஐயா, யானையைச் சற்றுக் கட்டி வையுங்கள். இதில் மக்கள் ஏமாறக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. பென்சில்வேனியாவில் 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது 'சர்டிஃபிகேஷன்'. ஆனால் அது இல்லாமல் அடுத்தவர் வீட்டில் வேலை செய்தால் குற்றம். அதாவது குணத்தில் அது லைசென்ஸ். இல்லினாயில் அதே பொருளைச் சட்டமே லைசென்ஸ் என்கிறது. இவற்றுக்கு வெளியே தேசிய அளவில் இரண்டு தனியார் அமைப்புகள் தேர்வு வைத்துச் சான்று தருகின்றன. முகமை தானே நடத்திவந்த திட்டத்தை 1998இல் கைவிட்டதிலிருந்து அந்த அமைப்புகள்தான் அந்த வேலையைப் பார்க்கின்றன. அவர்களுடைய தாளுக்கும் 'சர்டிஃபிகேஷன்' என்றே பெயர். சட்டமே இல்லாத மாநிலங்களில் அதுதான் கிடைக்கும் ஒரே ஆதாரம். எங்கள் மாநிலத்திலோ அதை மட்டும் காட்டி வேலை எடுக்க முடியாது. 'சான்றிதழ் பெற்றவர்' என்று மொட்டையாகப் போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். அரசு தருவதற்கு 'உரிமம்', தனியார் தருவதற்கு 'சான்று' என்று பிரியுங்கள்.

பூங்கோதை:

பிரிக்க ஆசைதான். ஆனால் கையேட்டைப் படித்தவர் வேலைக்காரரிடம் 'லைசென்ஸ் எங்கே?' என்பார், அவர் 'நியூ ஜெர்சியில் ரேடானுக்கு அப்படி ஒன்றும் கிடையாது' என்று உண்மையே சொல்லிவிட்டுப் போவார். கேட்கும் சொல்லும் தாளில் இருக்கும் சொல்லும் ஒத்துப்போக வேண்டும். 'மாநிலச் சான்று', 'தேசியச் சான்று' என்று அடை கொடுத்தால்?

செழியன்:

அது போதும். ஆனால் 'புதுப்பித்தல்' என்பது ஓட்டுநர் உரிமத்துக்குப் பணம் கட்டுவது போல ஒலிக்கிறது. சான்றைக் கையில் வைத்திருப்பது அன்றாட வேலை. தொடர்கல்வி நேரக் கணக்கு உண்டு. இடைவிடாமல் அளந்துகொண்டிருக்கும் தொடர் அளவிக் கருவியை ஆண்டுதோறும் அளவுத்திருத்தத்துக்கு அனுப்ப வேண்டும். பத்துச் சோதனைக்கு ஒன்று பக்கத்திலேயே இன்னொரு டப்பா வைத்து ஒப்பிட வேண்டும். இருபதுக்கு ஒன்று திறக்காத டப்பாவை ஆய்வகத்துக்கு அனுப்பி, அங்கே என்ன எண் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். முடிவுகள் துறைக்குப் போக வேண்டும். தேசிய அமைப்பின் சான்று இரண்டு ஆண்டுகளுக்குத்தான்.

நித்திலா:

திறக்காத டப்பாவுக்கு 'வெற்றுக்குடுவை' என்று போடலாம். நீங்கள் சொன்ன முழுவதற்கும் 'சான்றைத் தக்கவைத்தல்'.

புலவர் மாறனார்:

தக்கவைப்பது பதவியை. சான்றைப் 'பேணுதல்' என்க.

சிவநேசன்:

'டெக்னீஷியன்' விடுபட்டுவிட்டதே. தொழில்நுட்பவியலாளர் என்றால் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கியவர் போல இருக்கும்.

நித்திலா:

தமிழ்நாட்டு ஐடிஐ பாடப்பிரிவுகளில் 'கம்மியர்' இருக்கிறது. ஆனால் அது மெக்கானிக்குக்கு. இவர் ஸ்பெஷலிஸ்டின் மேற்பார்வையில் வேலை செய்பவர், அப்படித்தானே? 'உதவி' என்று தொடங்கும் ஏதாவது ஒன்று?

புலவர் மாறனார்:

வினைஞர்.

(இதற்கு எவரும் மறுப்புச் சொல்லவில்லை. – மட்டுறுத்துநர்)

பூங்கோதை:

கோப்பை அனுப்பிவிட்டேன். போனவை: ரேடான் தணிப்பு, தணிப்பு வல்லுநர், தணிப்பு வினைஞர், அளவீட்டு வல்லுநர், அளவீட்டு வினைஞர், மாநிலச் சான்று, தேசியச் சான்று, சான்றைத் தக்கவைத்தல். அனைவருக்கும் நன்றி. மாநிலச் சான்று எண்ணைக் கேட்டு வாங்கி, துறையின் பட்டியலில் சரிபாருங்கள் என்று ஒரு வரி தடித்த எழுத்தில் சேர்த்திருக்கிறேன். சொந்த வீட்டைத் தாமே அளந்துகொள்ளச் சான்று தேவையில்லை என்பதையும்.

நித்திலா:

தாமதமாகத் தோன்றியது. 'மாநிலச் சான்று பெற்றவர்' என்றால் நம்மவர்கள் 'அரசாங்கமே அனுப்பிய ஆள்' என்று கதவைத் திறந்துவிட மாட்டார்களா? வேலை சரியில்லை என்றால் மாநிலம் பொறுப்பேற்கும் என்றும் நினைக்கக்கூடும்.

செழியன்:

நினைப்பார்கள். ஆங்கிலத்தில் படிப்பவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதனால்தான் தணிப்பு முடிந்தபின் வேறொருவரை வைத்து அளந்து பாருங்கள் என்று சொல்கிறோம். அந்த வரி கோப்பில் இருக்கிறதா, பூங்கோதை?

புலவர் மாறனார்:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன்; உடன்படவில்லை. 'கரி' குறித்து ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். தனி இழையில் இடுவேன்.