ஏர் பிஸ்டல் பயிற்சிக்கு விலை குறைந்த பெல்லட்: அவரவர் அனுபவம்

சென்னை, பயிற்சியாளர்

10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்குப் பிள்ளையைச் சேர்த்ததும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, தினப் பயிற்சிக்கும் மேட்ச் பெல்லட்தான் (போட்டித் தர ஈயக் குண்டு) வாங்க வேண்டுமா என்பது. தேவையில்லை. காரணம் நாம் குறிவைக்கும் அட்டையிலேயே இருக்கிறது. பிஸ்டல் அட்டையில் 10-வது வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. பெல்லட் 4.5 மி.மீ. ஓட்டையின் விளிம்பு கோட்டைத் தொட்டாலே 10 என்பதால், பெல்லட்டின் நடு மையத்தை விட்டு 8 மி.மீ. தள்ளி விழுந்தாலும் 10 கிடைத்துவிடும். ரைபிளில் 10 என்பது வெறும் 0.5 மி.மீ. புள்ளி. அங்கே 2.5 மி.மீ. தாண்டினால் போச்சு. ரைபிள்காரர் பெல்லட்டுக்காகத் தவிப்பது நியாயம். அதே அறிவுரையைக் கேட்டுப் பிஸ்டல் பழகுகிறவர் செலவு செய்வதுதான் எனக்கு வருத்தம்.

ஒரு நாளைக்கு 100 ஷாட், மாதம் 25 நாள் என்றால் 2500 பெல்லட். 500 போட்ட டின்னில் ஐந்து. அந்த ஐந்தில் நாலு சாதா டின்னாக இருக்கலாம்.

ஜெர்மன் நிறுவனமான ஆர்டபிள்யூஎஸ்ஸின் பெல்லட் வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த ஹாபி, மைஸ்டர்குகெல்னின் பிஸ்டல் வகை, ஆர்10-இன் பிஸ்டல் வகை மூன்றுமே 0.45 கிராம், மூன்றுமே தட்டைத் தலை. வித்தியாசம் எல்லாம் ஒரே டின்னில் உள்ள பெல்லட்டுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதில்தான். தட்டைத் தலை மட்டும் கட்டாயம். கூர்முனை அட்டையைக் கிழித்துவிடும், பாயின்ட் பார்க்க முடியாது.

கோவை, ஆயுதப் பழுது பார்ப்பவர்

சார் சொன்ன கணக்கு சரி. ஆனால் சாதா பெல்லட் உங்கள் பேரலுக்கு (துப்பாக்கிக் குழலுக்கு) ஒத்துவருகிறதா என்று ஒரு தடவையாவது பார்த்துவிடுங்கள். கையில் பிடித்துச் சுட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது, அதில் தெரிவது உங்கள் கைதான். பிஸ்டலை வைஸில் (பட்டறை இடுக்கியில்) கட்டுங்கள். பேரலையோ காற்று அடைத்த சிலிண்டரையோ இறுக்கக் கூடாது, பிடியைக் கழற்றிவிட்டு ஃபிரேமை மரக்கட்டையோ தோலோ வைத்துக் கட்ட வேண்டும். முதல் 10 ஷாட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள், பேரல் புது ஈயத்துக்குப் பழக அது தேவை. பிறகு ஒரே இடத்தில் 10 ஷாட், அப்படி மூன்று அட்டை. ஓட்டையின் வெளி விளிம்பிலிருந்து எதிர் விளிம்புவரை வெர்னியர் அளவுகோலில் அளந்து 4.5 கழித்தால் நடுவுக்கு நடு எவ்வளவு என்று வரும். 3 மி.மீ. வந்தால் மேட்ச் தரம். 6, 7 வரை பயிற்சிக்குத் தாராளம். 10 மி.மீ. தாண்டினால் அந்த டின்னை ஒதுக்குங்கள்.

பல டின்னில் பெல்லட் தலையின் அளவு ஒட்டியிருக்கும்: 4.49, 4.50 மி.மீ. என்று. எடை பார்த்துப் பிரிப்பதைவிடத் தலை அளவு பேரலுக்குப் பொருந்துவது முக்கியம். பொருந்திய டின்னின் லாட் நம்பரை (தயாரிப்புத் தொகுதி எண்ணை) குறித்துவைத்து அதிலேயே நாலைந்து டின் வாங்கிவிடுங்கள். லாட் மாறினால் சோதனை மறுபடி முதலிலிருந்துதான்.

இனி பழுது. என்னிடம் வரும் பிஸ்டலில் பாதிக்கு மேல் பழுதே இல்லை, பெல்லட்டை வைத்த விதம்தான் தப்பு. பெல்லட்டின் பின்பக்க ஸ்கர்ட் மெல்லிய ஈயம். கட்டைவிரலால் சாய்வாக அழுத்தினால் ஒரு பக்கம் மடங்கும், காற்று அந்தப் பக்கம் முந்திக்கொண்டு வெளியேறும். ஸ்கர்ட்டின் விளிம்பு பேரல் வாயோடு சமமாக வரும்வரை நேராகத் தள்ளுங்கள். அரைகுறையாக வைத்து லீவரை மூடினால் ஈயத்தைச் சீவிவிடும். தலைமுடி கனத்தில் ஒரு வெள்ளிச் சுருள், காற்றுக் கசியாமல் தடுக்கும் ஓ-ரிங் வளையத்தின் மேல் ஒட்டியிருக்கும். அதற்கப்புறம் கசிவு, ஷாட் கீழே இறங்கும். சைட் (குறிபார்க்கும் பாகம்) கெட்டுவிட்டது என்று திருகிக்கொண்டே இருப்பார்கள். பல் குச்சியால் அந்தச் சுருளை எடுத்தால் முடிந்தது. ஊசி, குண்டூசி வேண்டாம், ஓ-ரிங் கிழியும்.

மதுரை, கிளப் ரேஞ்ச் பொறுப்பாளர்

அண்ணே, அதோடு ஒன்று: பேச்சு மும்முரத்தில் ஒரு பெல்லட்டை வைத்ததை மறந்து இரண்டாவதையும் தள்ளிவிடுவது. இரண்டும் பேரலுக்குள் மாட்டிக்கொள்ளும். இன்னொரு தடவை சுட்டு வெளியேற்றப் பார்க்கவே கூடாது. சிலிண்டரைக் கழற்றிவிட்டு, உறை போட்ட கிளீனிங் ராடால் முன்வாயிலிருந்து பின்னுக்குத் தள்ள வேண்டும்.

சாதா டின்னில் அடியில் கிடப்பவை கடைக்கு வருவதற்குள் உருண்டு நசுங்கியிருக்கும். பயிற்சிக்கு முன் 100 பெல்லட்டை ஒரு வெள்ளைத் துணியில் கொட்டி ஸ்கர்ட்டை மட்டும் பாருங்கள். வட்டம் கெட்டதை எடுத்துவிடுங்கள். துணியில் கறுப்பாக ஒட்டுவது ஈயத்தூள், அது பேரலுக்குள் போகாமல் இருப்பது கூடுதல் லாபம். எண்ணெய் தடவ வேண்டாம்.

கடலோர ஊர்க்காரர்கள் டின்னைத் திறந்து போட்டுவிட்டால் சில மாதத்தில் பெல்லட்டில் வெள்ளைப் பொடி பூக்கும். அதைச் சுடாதீர்கள், ஊதாதீர்கள், தூக்கிப் போடுங்கள். டின்னுக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடினால் போதும். மர அலமாரியைவிட பிளாஸ்டிக் டப்பா நல்லது, சில மரத்தின் ஆவியே ஈயத்தை அரிக்கும்.

திருச்சி, பிஸ்டல் வீரர்

சாதா பெல்லட்டில் ஸ்கோர் குறைகிறது என்பவர்களுக்கு: தகுதிச் சுற்றில் பிஸ்டலுக்கு முழு எண்தான். பெல்லட் சிதறலால் கோட்டுக்கு அருகில் விழும் ஷாட்டுகள் மட்டுமே மாறும், அதிலும் சில வெளியே போனால் சில உள்ளே வரும். இறுதிச் சுற்றில் நிலைமை வேறு. அங்கே தசமம், 0.8 மி.மீ.க்கு 0.1 பாயின்ட். 3 மி.மீ. விலகினால் கிட்டத்தட்ட 0.4 போகும். அந்த நிலைக்கு வந்தவர்களுக்கு மேட்ச் பெல்லட் செலவு நியாயமானது.

எடை ஒன்றாக இருந்தாலும் பெல்லட் மாறினால் படும் இடம் மாறும். சாதா, மேட்ச் இரண்டுக்கும் சைட் திருகில் எத்தனை கிளிக் வித்தியாசம் என்று பிஸ்டல் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டுங்கள். போட்டிக்கு முந்தைய வாரம் முழுக்க மேட்ச் பெல்லட்டில் சுடுங்கள்.

உண்மையில் பணம் மிச்சமாவது டிரை ஃபயரில், அதாவது பெல்லட் இல்லாமல் டிரிகரை இழுத்துப் பழகுவதில். பெரும்பாலான மேட்ச் பிஸ்டலில் அதற்கென்று ஒரு மாற்று நிலை இருக்கிறது, காற்றும் செலவாகாது. வெள்ளைச் சுவர் முன் 40 தடவை, பிறகு 40 பெல்லட். டிரிகர் விழும்போது முன்சைட் அசைந்ததா என்பது சுவரில்தான் தெளிவாகத் தெரியும், அட்டை கண்ணை இழுத்துக்கொள்ளும்.

சென்னை, பயிற்சியாளர்

தம்பி சொன்ன டிரை ஃபயருக்கு முன்னால் பேரல் காலியா என்று கண்ணால் பார்த்தே ஆக வேண்டும், வீட்டில் இன்னும் கண்டிப்பாக.

சாதா பெல்லட் சுட்டால் பேரல் சீக்கிரம் அழுக்காகும். ஒரு டின் முடிந்ததும் உலர்ந்த ஃபெல்ட் பெல்லட் (பேரலைத் துடைக்கும் கம்பளித் துண்டு) இரண்டை ஒன்றாக வைத்துச் சுடுங்கள், வெள்ளையாக வரும்வரை மூன்று நாலு முறை. பெட்ரோலிய எண்ணெய் பக்கமே போகாதீர்கள், அழுத்தக் காற்றோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும், சீலும் போகும்.

கடைசியாக, அட்டைக்குப் பின்னால் சுட்ட பெல்லட்டைப் பிடிக்கும் இரும்புப் பெட்டி. தட்டைத் தலை இரும்பில் பட்டால் ஈயம் பொடியாகத் தெறிக்கும். துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியைத் தனியாகப் போடுங்கள். சுட்ட கையோடு பிஸ்கட் எடுத்துத் தரும் பழக்கம் பல ரேஞ்சில் இருக்கிறது. குழந்தைகள் இருக்கும் இடத்தில் அது கூடவே கூடாது, சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான். சேர்ந்த ஈயத்தை வீட்டில் உருக்க வேண்டாம், மூடி போட்ட டப்பாவில் சேர்த்துக் காயலான் கடையில் எடைக்குப் போட்டால் அடுத்த டின்னுக்குக் கொஞ்சம் காசு தேறும்.