வெள்ளவத்தையில் ட்ராம் ஓடியதா?

வெள்ளவத்தைப் பேரன்:
எங்கள் அம்மம்மாவுக்கு வயது 86. கலியாணமாகிக் கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்த புதிதில், பொரளையிலிருந்த மாமி வீட்டுக்கு ட்ராமில்தான் போய் வந்தாராம். வெள்ளவத்தை வழியாகப் போகும் காலி வீதியில் ட்ராம் ஓடியதாக நான் எங்கேயும் படிக்கவில்லை. அவரிடம் சொன்னால், "நீ அப்ப பிறக்கவே இல்லை, உனக்கென்ன தெரியும்" என்கிறார். ஓடியதா இல்லையா? ஏன் நிறுத்தினார்கள்?

கிராண்ட்பாஸ் பழசு:
தம்பி, காலி வீதியில் ஓடவே இல்லை. இருந்தது இரண்டே பாதை, இரண்டும் கோட்டையிலிருந்து. ஒன்று புறக்கோட்டை வழியாக எங்கள் கிராண்ட்பாஸுக்கு, மற்றது மருதானை வழியாகப் பொரளைக்கு. 1899இல் தொடங்கியது. பவுஸ்டெட் என்ற வெள்ளைக்காரக் கம்பனி நடத்தி, 1944இல் மாநகர சபை கைக்கு வந்தது. 1960 ஜூனோடு சரி.

அப்போது எனக்கு எட்டு வயது. கிராண்ட்பாஸில் பாதை முடியும் இடத்தில் வண்டியைத் திருப்ப மாட்டார்கள். கூரையில் கரண்ட் எடுக்கிற நீளத் தடி ஒன்று இருக்கும். கொண்டக்டர் இறங்கி, அதில் கட்டிய கயிற்றை இழுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி நடந்து, மேலே போகும் கம்பியில் மறுபக்கமாகக் கொளுவுவார். முதல் தடவையில் கொளுவாது. பொறி பறக்கும். பொடியன்கள் நாங்கள் கைதட்டுவோம், மனுசனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். டிரைவர் தன் கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு மறு முனைக்குப் போவார். அவ்வளவுதான், பின்பக்கம் முன்பக்கமாகிவிடும்.

ஏன் நிறுத்தினார்கள் என்றால், புறக்கோட்டையை ஒருதரம் நினைத்துப் பாருங்கள். மாட்டுவண்டி, கைவண்டி, லொறி, நடுவில் தண்டவாளம். ஒரு லொறி தண்டவாளத்தில் படுத்துவிட்டால் ட்ராம் விலகிப் போக முடியாது. பின்னால் வருவதும் நிற்கும். அதனால்தான் 1953இலேயே ட்ரொலி பஸ் இறக்கினார்கள். அதுவும் கரண்டில்தான் ஓடும், ஆனால் தண்டவாளம் வேண்டாம், கொஞ்சம் ஒதுங்கிப் போகலாம். அதையும் 1964இல் மூடிவிட்டார்கள். என்னைக் கேட்டால் அதைத்தான் விட்டிருக்கக் கூடாது. புகை இல்லை, சத்தம் இல்லை.

ட்ராம் நின்ற பிறகும் எங்கள் பக்கம் தண்டவாளம் கொஞ்சக் காலம் றோட்டிலேயே கிடந்தது. ஒரு மழை நாள் அப்பாவின் சைக்கிள் சில்லு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி, ஆள் விழுந்து முழங்கை பெயர்ந்தது. கையில் இருந்த பாண் மட்டும் நனையவில்லை.

மருதானை 103:
ஐயா, 1929ஐ விட்டுவிட்டீர்களே. தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க தலைமையில் ட்ராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது அந்த வருடம்தான். மருதானை பொலிஸ் நிலையத்தடியில் கலவரமாகி, பொலிஸ் சுட்டு ஆட்கள் செத்தார்கள். நான் தினமும் அந்த வழியாகத்தான் 103ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பொரளைக்குப் போகிறேன். பழைய ட்ராம் பாதைதான், ஏறத்தாழ அதே வேகமும்.

மாலபேயிலிருந்து கோட்டைக்கு இலகு ரயில் என்று 2019இல் ஜப்பான் கடனில் தொடங்கினார்களே, அடுத்த வருடமே கைவிட்டார்கள். இந்த ஊருக்கும் தண்டவாளத்துக்கும் ராசி இல்லைப்போல.

கிராண்ட்பாஸ் பழசு:
அந்த 103இல் நானும் தொங்கியிருக்கிறேன். தம்பி, அம்மம்மாவிடம் எங்கே ஏறினார் என்று கேளுங்கள். கோட்டை வரைக்கும் பஸ்ஸில் வந்து மாறியிருப்பார்.

வெள்ளவத்தைப் பேரன்:
கேட்டேன். அம்மப்பாவின் கந்தோர் கோட்டையில் இருந்ததாம். பின்னேரம் இவர் பஸ்ஸில் அங்கே போய்க் காத்திருந்து, கந்தோர் விட்டதும் இருவரும் சேர்ந்து பொரளை ட்ராமில் ஏறுவார்களாம். "ட்ராமில போனன் எண்டுதானே சொன்னன், வெள்ளவத்தையில ஏறினன் எண்டு எப்ப சொன்னன்?" என்று எனக்குத்தான் ஏச்சு விழுந்தது.