அந்தப் படத்தை ஜேசுதாஸ் அழித்தது சரியா?

வாவிக்கரையான்: "செல்பிக்கு நிற்காத பாடகன் ரசிகனை மதிக்காதவன்" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். வாசித்ததில் இருந்து எரிகிறது. 2018 மே மாதம் டெல்லிக்குத் தேசிய விருது வாங்கப் போன ஜேசுதாஸ், கேட்காமல் பக்கத்தில் வந்து செல்பி எடுத்தவனின் கையைத் தட்டிவிட்டார். பிறகு போனை வாங்கிப் படத்தை அழித்தார். அது பெரிய குற்றமாம்! தோளுக்குள் தலையை நுழைக்கிறவனுக்கு மாலையா போடுவது?

களுவாஞ்சியான்: அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே எழுதும். கையைத் தட்டியதை விடுகிறேன். போன் யாருடையது? அதில் இருந்த படத்தை அழிக்க இவர் யார்?

நாதஸ்வரக்காரர் பேரன்: அண்ணன், திருவிழாவில் நாதஸ்வரம் வாசிக்கிறவரைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறீர்களா? சீவாளி என்ற ஊதுமுனை உதட்டில், கன்னம் உப்பி, மூக்கால் மூச்சை இழுக்கிற நேரம் முகத்துக்கு நேரே பிளாஷ் அடிக்கிறார்கள். என் அப்பப்பா கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார். பக்தி என்று சனம் சொல்லும். வெளிச்சம் தாங்க முடியாமல்தான் மூடினார்.

களுவாஞ்சியான்: தம்பி, ஜேசுதாஸ் அப்போது பாடிக்கொண்டா இருந்தார்? நடந்து போனார். என் கேள்வி ஒன்றுதான்: படத்தை ஏன் அழித்தார்?

காரைதீவுக்காரி: அமெரிக்கப் பாடகர் பொப் டிலனும் 2019 ஏப்ரலில் வியன்னாவில் பாட்டை நிறுத்தி, வாசிக்கவா, போஸ் கொடுக்கவா என்று கேட்டாரே. 2016இல் தனக்குக் கிடைத்த நோபல் பரிசின் விழாவுக்கே போகாத மனிதர்.

களுவாஞ்சியான்: டிலன் ஆருடைய போனையும் வாங்கி அழிக்கவில்லையே! எனக்குச் சாட்சி கொண்டுவந்ததற்கு நன்றி.

வாவிக்கரையான்: எங்கள் மட்டக்களப்பு விபுலாநந்த அடிகள் யாழ் என்ற பழந்தமிழ் நரம்புக் கருவியை வருடக்கணக்காக ஆராய்ந்தார். 1947இல் 'யாழ் நூல்' வந்தது, அதே வருடம் போய்விட்டார். அவரை யாரும் படத்துக்காகவா நினைக்கிறோம்?

காரைதீவுக்காரி: அதென்ன "எங்கள் மட்டக்களப்பு"? அடிகளார் காரைதீவில் பிறந்தவர். காரைதீவு அம்பாறை மாவட்டம்.

வாவிக்கரையான்: அவர் பிறந்தது 1892. அம்பாறை மட்டக்களப்பில் இருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1961. கணக்குப் பாருங்கோ.

காரைதீவுக்காரி: மாவட்டம் பிரிந்தால் ஊர் நகருமா? பெருமை என்றால் மட்டக்களப்பு, வெள்ளம் வந்தால் அம்பாறை. உங்கள் ஆட்களின் பழைய பழக்கம் இது.

களுவாஞ்சியான்: ஊர்ச் சண்டையைப் பிறகு பிடியுங்கள். அழித்தது சரியா, பிழையா? இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நாதஸ்வரக்காரர் பேரன்: சரிதான் என்கிறேன். கலியாண வீட்டில் மேல்சட்டை இல்லாமல் சோறு பிசைந்துகொண்டிருந்த அப்பப்பாவின் படம் இன்னும் ஒருவரின் முகநூலில் கிடக்கிறது. கெஞ்சிக் கேட்டும் எடுக்கவில்லை. கையோடு அழிப்பித்திருக்க வேண்டும்.

களுவாஞ்சியான்: அதற்கு அந்த டெல்லிப் பையன் என்ன செய்வான்? அவன் போன், அவன் எடுத்த படம்.

வாவிக்கரையான்: முகம் ஜேசுதாஸுடையது.

களுவாஞ்சியான்: அந்த முகத்தை அறிய வைத்ததே ரசிகன்தான். பாட்டுக் கசற் வாங்கக் காசு கொடுக்கும்போது இனித்தவன், பக்கத்தில் வந்தால் மட்டும் கசக்கிறானா? திரும்பவும் கேட்கிறேன், அழிக்க இவர் யார்?

காரைதீவுக்காரி: ஊர் நகருமா என்றதற்கும் இன்னும் பதில் இல்லை.