மாரியம்மன் கோயில் மைக் செட்டில் ‘ஐ ஃபீல் லவ்’

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

மின்னணு இசையை முதன்முதலில் கேட்ட அனுபவத்தை இந்தப் பகுதிக்கு எழுதியவர்களில் பெரும்பாலோர் ஹெட்போனில் கேட்டிருக்கிறார்கள். நான் கேட்டது 1988ஆம் ஆண்டு, பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில், மாரியம்மன் பொங்கலுக்காக என் மாமா கட்டிய மைக் செட்டில். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த பக்கத்து வீட்டு அண்ணன் கொடுத்த கேசட்டில், டோனா சம்மர் பாடி, ஜார்ஜியோ மொரோடரும் பீட் பெலோட்டும் தயாரித்த ‘ஐ ஃபீல் லவ்’ இருந்தது. 1977இல் பிரிட்டனில் நான்கு வாரங்கள் முதலிடத்தில் இருந்த பாட்டு அது என்பதும், அமெரிக்காவில் முதலில் அதை வேறொரு பாட்டின் இசைத்தட்டில் பின்பக்கப் பாட்டாகவே வெளியிட்டார்கள் என்பதும் அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒலியைச் சரிபார்க்க ஏதாவது போடச் சொன்னார் மாமா. கையில் கிடைத்ததைப் போட்டேன்.

அரை நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “ஏண்டா மாப்ளே, பாட்டு எப்பத்தான் தொடங்கும்?”

பெர்லினில் இதே இசைத்தட்டோடு ஓடிவந்த இசைக்கலைஞர் பிரையன் ஈனோ, எதிர்காலத்தின் ஒலியைக் கேட்டுவிட்டதாகச் சொன்னார் என்று பாடகர் டேவிட் போவி பின்னாளில் நினைவுகூர்ந்ததைப் படித்தபோது எனக்கு மாமாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அவரையும் குறை சொல்ல முடியாது. வயலினும் தபேலாவும் கேட்டுப் பழகிய காதுக்கு, சுருதி மட்டும் அவ்வப்போது இடம் மாறும் அந்த ஓயாத ஓட்டம் முன்னிசையாகத்தானே தோன்றும்?

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அன்று கம்பி போதாமையால், கேசட் டெக்கின் இடது வெளியீட்டைக் கோயில் வாசலில் இருந்த ஆம்ப்ளிஃபையருக்கும், வலது வெளியீட்டைக் கடைவீதிப் பக்கம் இருந்ததற்கும் தனித்தனியாகக் கொடுத்திருந்தேன். மேளம் அடிக்க வந்திருந்த பெரியவர் ஒருவர் வாசலில் சிறிது நேரம் நின்றார். கடைவீதி வரை நடந்தார். பிறகு இரண்டுக்கும் நடுவில் இருந்த வேப்பமரத்தடிக்குத் திரும்பி வந்து, “ரண்டு ஆளுங்க மாத்தி மாத்தி அடிக்கறாங்க, இங்க நின்னாத்தான் சேருது” என்றார். உளறுகிறார் என்று நினைத்தேன்.

பாட்டின் அடியில் ஓயாமல் ஓடும் அடிச்சுரத்தை (பேஸ்) வாசித்தது மோக் மாடுலர் சிந்தசைசர் என்ற, மின்சாரத்தால் ஒலி உண்டாக்கும் இயந்திரம். அது இடது பக்கம் ஒலிக்க, அதையே சற்றுத் தாமதப்படுத்திய பிரதி வலது பக்கம் ஒலிக்கிறது, இரண்டும் கலந்தால்தான் அந்தப் படபடப்பு கிடைக்கிறது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். ஒலி 100 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.3 நொடி ஆவதால், வேப்பமரத்தைவிட்டு நகர்ந்தவுடன் கணக்குக் குலைந்திருக்கும். ஊரில் பாதிப் பேர் பாதிப் பாட்டைத்தான் கேட்டார்கள். பாட்டைக் குறை சொன்னவர்களும் அவர்களே. பூசாரி வந்து நிறுத்தச் சொன்னபோது, இன்னொரு முறை போடும்படி கேட்டவர் அந்தப் பெரியவர் ஒருவர்தான்.

நகரியிலிருந்து, மேலே எழுதிய அண்ணனுக்கு:

ஆந்திரத்துச் சித்தூர்ப் பக்கத்து மெல்லிசைக் குழு ஒன்றில் நான் கீபோர்டு வாசித்தேன். இடைவேளையில் இளைஞர்களை ஆட வைக்கலாம் என்று இந்த அடிச்சுரத்தைக் கையாலேயே வாசிக்கத் துணிந்தேன். எங்கள் மிக்சரில் எல்லாம் மோனோ, அதாவது இடது வலது பிரிவில்லாத ஒற்றை ஒலி என்பதால், நீங்கள் சொல்லும் அந்தப் பிரதியையும் என் விரல்களே வாசிக்க வேண்டியிருந்தது. இரண்டு நிமிடத்தில் மணிக்கட்டு இறுகிவிட்டது. டிரம்ஸ் வாசித்தவர் மட்டும் மகிழ்ச்சியாக இருந்தார். மோக்கிலிருந்து நல்ல கிக் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) ஒலி வராததால் மூலப் பதிவிலும் அதை கீத் ஃபோர்சி என்ற மனிதரே காலால் வாசித்தார் என்று அவரிடம் சொல்லியிருந்தேன்.

அந்த மோக் இயந்திரமும் சுருதி நழுவிக்கொண்டே இருந்ததால், மியூனிக்கில் 20, 30 நொடிகளாகப் பதிவுசெய்து, நிறுத்தி, சுருதி கூட்டி, மீண்டும் தொடர்ந்தார்கள் என்று மொரோடர் கூறியிருக்கிறார். மேடையில் எனக்கு அப்படி நிறுத்த வழியில்லை. முன்வரிசையில் இருந்த ஒருவர், கீபோர்டு சிக்கிக்கொண்டுவிட்டது என்று எண்ணி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிட்டார்.