எண்டோரெடுப்ளிகேஷன்: ‘பிளவா இரட்டிப்பு’ எனலாமா?

வணக்கம்.

செல் பிளவாமலே தன் டிஎன்ஏவை மீண்டும் மீண்டும் இரட்டிப்பதுதான் எண்டோரெடுப்ளிகேஷன். அதற்குத் தமிழில் வந்த ‘அகமடியாதல்’ என்ற பரிந்துரையை இரண்டு நாளாக என் பாடக் குறிப்புகளில் போட்டுப் பார்த்தேன். சரிவரவில்லை. ‘அகமடியாதல் நடந்த செல்’ என்று எழுதிவிட்டு மறுநாள் காலையில் படித்தால், மடியாதல் என்பது சாகாதிருத்தல் என்றே கண்ணில் படுகிறது. மடங்கு என்ற பொருள் எட்டவே இல்லை. ‘எண்டோ’ என்று வந்தாலே ‘அகம்’ போடும் பழக்கமும் இங்கே உதவாது. செல்லில் நடப்பதெல்லாம் அகத்தில் நடப்பதுதானே.

நிகழ்வைப் பார்த்துப் பெயர் வைப்போம். ஆய்வுக்கூடங்களில் அதிகம் வளர்க்கும் சிறு செடியான அராபிடாப்சிஸின் இலையில் உள்ள முடி ஒவ்வொன்றும் ஒரே செல்; பெரும்பாலும் மூன்று கிளை விட்டு நிற்கும். பாலணுவின் டிஎன்ஏ அளவை 1 என்று வைத்தால், சாதாரண செல் 2இல் தொடங்கும். இந்த முடியிலோ ஏறத்தாழ 32. நான்கு முறை இரட்டித்திருக்கிறது, ஒருமுறைகூடப் பிளக்கவில்லை!

டிஎன்ஏவை நகலெடுக்கும் மரபணுக்களை ஈ2எஃப் புரதங்கள் முடுக்குகின்றன. அவற்றைப் பிடித்துவைத்திருக்கும் ஆர்பிஆர் புரதத்தில் பாஸ்பேட் ஏறியதும் பிடி தளரும். முடிச் செல்லில் இந்த வேலை தடையின்றி ஓடுகிறது. பிளவுக்கான மரபணுக்கள் வேறு கையில் இருக்கின்றன: அவற்றின் முகப்பில் ஏஏசிஜிஜி என்ற டிஎன்ஏ எழுத்து வரிசை, அங்கே வந்து அமரும் மிப்3ஆர் புரதங்கள். இவற்றில் சில முடுக்கும், சில அடக்கும். அப்புறம், செல்லைப் பிளவுக்குத் தள்ளும் கைனேஸ் நொதியைச் சியாமீஸ் என்ற புரதம் தடுக்கிறது. அந்தப் புரதத்துக்கான மரபணு பழுதானால் முடி பல செல்களாகப் பிளந்து ஒட்டியே நிற்கும். ஒட்டிப் பிறந்த சியாம் இரட்டையரை நினைத்து வைத்த பெயர் அது. பிளவாமல் இருப்பதைச் செடி முனைந்து செய்கிறது. கலைச்சொல்லில் அது தெரிய வேண்டும்.

ஆகவே ‘பிளவா இரட்டிப்பு’. பிறவா வரம், வாடா மல்லி என்று நாம் தினமும் சொல்லும் அமைப்புதான். ‘பெருக்கம்’ என்றால் மாணவர்கள் செல்களின் எண்ணிக்கை கூடுவதாக நினைத்துக்கொள்கிறார்கள்; ‘இரட்டிப்பு’ 2, 4, 8 என்று கணக்கையும் சொல்லிவிடுகிறது. இப்படிப் பிளவின்றி இரட்டிக்கும் செல் சுழற்சியான எண்டோசைக்கிளைப் ‘பிளவா இரட்டிப்புச் சுற்று’ எனலாம்.

பேச்சில் ‘பிளவா?’ என்று கேள்வி போல ஒலிக்கிறது என்றால் ‘பிளவாத இரட்டிப்பு’ என்று விரித்துக்கொள்ளவும் சம்மதம்.

இன்னொன்று பாக்கி: மரபணுவிலிருந்து ஆர்என்ஏ படியெடுப்பதைத் தடுக்கும் மிப்3ஆர் புரதத்தை ‘அடக்கி’ என்பதா, ‘ஒடுக்கி’ என்பதா? எனக்கு ‘அடக்கி’ பிடித்திருக்கிறது. தேவைப்படும்போது விட்டுவிடும் சாயல் அதில் இருக்கிறது.