நீல அட்டைக்காகக் கடவுளிடம் அடம்பிடிக்கலாமா?

சிப்புட் மகள்:
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் ஜெபக்கூட்டத்துக்கு வரும் பாட்டி ஒருவர், மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டின் விடுதலைக்கு, முன்பே ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். பிறப்பை யாரும் பதியவில்லை. காலமெல்லாம் பால்மரம் வெட்டியவரிடம் இன்றும் இருப்பது நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டை, குடிமக்களுக்கான நீல அட்டை இல்லை. போன வெள்ளிக்கிழமை எழுந்து நின்று, "அப்பா, எனக்கு நீல அட்டை வேண்டும். இந்த வருடமே வேண்டும். ஒரு முறையாவது ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் உம்மிடம் வருவேன்" என்று உரக்க ஜெபித்தார். கூட்டம் முடிந்ததும் சபை மூப்பர் ஒருவர் அவரை அழைத்து, கடவுளுக்குக் கெடு விதிப்பது பணிவாகாது, அவர் சித்தம் என்று விட்டுவிட வேண்டும் என்று கண்டித்தார். இந்த வாரம் பாட்டி வாயே திறக்கவில்லை. கடவுளின் கிருபாசனத்தண்டையில் தைரியமாகச் சேரும்படி எபிரெயர் நிருபம் அழைப்பது பின்னே யாரை? நான் பாட்டியின் பக்கம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பழைய மண்டோர்:
மகளே, மூப்பர் சொன்னதில் தவறில்லை. பவுல் தம் உடம்பில் இருந்த முள் நீங்க மூன்று முறை வேண்டினார். முள் நீங்கவில்லை, கிருபை போதும் என்ற பதில்தான் வந்தது. கெத்செமனேயில் இயேசுவே பிதாவின் சித்தம் ஆகட்டும் என்றார். அவர்களுக்கே அப்படியென்றால் நாம் எந்த உரிமையில் தேதி குறிப்பது? நீங்கள் காட்டும் வசனம்கூட இரக்கத்தையும் கிருபையையும் பெறுவதற்காகத்தான் சேரச் சொல்கிறது. அட்டை, வீடு, கார் எல்லாம் அதில் இல்லை.

லயத்துக் குரல்:
ஐயா, கெத்செமனேயை முதல் வரியிலிருந்து படியுங்கள். துன்பப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்று முதலில் கேட்டார். கேட்ட பிறகுதான் ஒப்புக்கொடுத்தார். பவுலும் மூன்று முறை கேட்டாரே! கேட்கவே கூடாது என்று அவரை யாரும் தடுக்கவில்லை.

நம் கதையையும் நினைத்துப் பாருங்கள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் கைகட்டி நின்றோம். தோட்டத் துரையிடம் பேசப் பயம், கணக்கெழுதும் கிராணியிடம் பேசப் பயம். பிள்ளை பிறந்ததைப் பதிய டவுனுக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். விடுப்புக் கேட்க நா எழவில்லை. அந்தப் பயத்தில் பிறந்ததுதான் எத்தனையோ சிவப்பு அட்டைகள். இப்போது ஒரு தாய் கடவுள் முன்னாலாவது நிமிர்ந்து நின்று, இது எனக்கு வேண்டும் என்று சொல்கிறார். அவரையும் கைகட்டி நிற்கச் சொல்கிறோமே, நமக்கு மனம் வலிக்கவில்லையா?

ஈப்போ செவிலி:
வலிக்கிறது. ஆனால் எனக்கு வலிப்பது வேறு இடத்தில். என் அக்காவுக்குச் சிறுநீரகங்கள் பழுதாகி, வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். துணிந்து கேள், கிடைத்துவிட்டது என்று அறிக்கையிடு என்று ஒரு ஜெபக்குழு அவருக்குக் கற்பித்தது. அவர் முழு மனத்தோடு கேட்டார். இறந்தும்போனார். துக்க வீட்டில் அம்மாவின் காது படவே, விசுவாசம் போதவில்லை என்று பேசினார்கள். துணிச்சலாகக் கேட்டால் கிடைக்கும் என்று சொல்பவர்கள், கிடைக்காதவளின் தாய்க்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

லயத்துக் குரல்:
அக்கா, அப்படிப் பேசியது கொடுமை. அவர்கள் பக்கம் நான் நிற்கவே மாட்டேன். கேட்பது நம் உரிமை. கொடுத்தே ஆக வேண்டும் என்று கடவுளுக்கு விலை எழுதி ஒட்டுவது வேறு. பாட்டி, "கிடைத்துவிட்டது" என்று சொல்லவில்லை. "வேண்டும்" என்றார். உங்கள் அக்காவும் கேட்டதில் தவறே இல்லை.

வேலன் அடியான்:
நான் மாரியம்மன் கோயில் பக்கம். இருந்தாலும் சொல்லத் தோன்றுகிறது. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, அடியார்களுக்குச் சோறிட அப்பருக்கும் சம்பந்தருக்கும் சிவபெருமான் நாளும் ஒரு பொற்காசு கொடுத்தார். கோயிலில் புல் செதுக்கும் உழவாரப் பணி செய்த அப்பரின் காசு உடனே செல்லுபடியானது. சம்பந்தரின் காசுக்குக் கடைக்காரர்கள் வட்டம், அதாவது மாற்றுக்குத் தள்ளுபடி, கேட்டார்கள். பிள்ளை என்ன செய்தது? குறையில்லாத காசு கொடு என்று பாடியே கேட்டது, பெற்றது. எங்கள் மரபில் இருவருமே நாயன்மார்கள். ஆனால் ஒன்று கவனியுங்கள்: சம்பந்தர் கேட்டது பசித்தவர்களின் சோற்றுக்காக. எனக்குப் புது மோட்டார் கொடு என்று வேலை மெனக்கெட்டு நேர்ந்துகொள்பவர்களை நானும் ஏற்பதில்லை.

பழைய மண்டோர்:
நல்ல செய்தி சொன்னீர்கள் அடியான். ஆனாலும் எனக்கு ஒன்று உறுத்துகிறது. பலருக்குக் குடியுரிமை விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுத்தவன் நான். மெர்டேக்கா நாளுக்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர், இங்கேயே வாழ்ந்து, நன்னடத்தையும் அடிப்படை மலாய் அறிவும் உடையவராக இருந்தால் குடிமகனாகப் பதிந்துகொள்ள அரசியலமைப்பின் 16ஆவது பிரிவு உரிமை தருகிறது. பாட்டிக்குத் தடை, இங்கே பிறந்ததற்கான சான்று இல்லாதது. இது பதிவு இலாகா முகப்பில் போய்க் கேட்க வேண்டியது. ஜெபக்கூட்டத்தில் உரக்கக் கேட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டால் கதவு திறக்குமா?

லயத்துக் குரல்:
அவர் உட்கார்ந்துவிட்டார் என்று யார் சொன்னது? லூக்கா 18ஆம் அதிகாரத்து விதவை கேட்டதும் சலுகை இல்லை ஐயா, நியாயம். அநீதியான நீதிபதியின் வாசலுக்கு ஓயாமல் நடந்தாள். சோர்ந்துபோகாமல் ஜெபிக்க வேண்டும் என்பதற்காக இயேசு சொன்ன உவமையே அதுதான். வெள்ளிக்கிழமை கடவுளிடம் குரல் உயர்த்தியவருக்குத்தான் திங்கட்கிழமை முகப்பில் குரல் எழும். மூப்பர் அடைத்தது அந்தக் குரலை.

சிப்புட் மகள்:
பாட்டி இரண்டு முறை விண்ணப்பித்திருக்கிறார். சான்று இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தோட்டம் செம்பனைக்கு மாறியபோது லயமும் போயிற்று, அலுவலகமும் போயிற்று.

பழைய மண்டோர்:
கெடு வைப்பது பற்றி என் கருத்து மாறவில்லை. ஆனால் பாட்டி கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவரா? அப்படியானால் சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடுங்கள். பிறந்த தேதி, பெற்றோர் பெயர், தோட்டத்தின் பெயர் எல்லாம் அதில் எழுதுவது வழக்கம். அவரோடு தோட்டத்துப் பள்ளியில் படித்தவர்கள் இருந்தால் சத்தியப் பிரமாணம் எழுதி வாங்கலாம். ஆவணங்களைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள், பாரத்தை நான் நிரப்பித் தருகிறேன்.

சிப்புட் மகள்:
லயத்திலேயே ஞானஸ்நானம் பெற்றதாகச் சொல்வார், ஐயா. போதகரிடம் நாளைக்கே கேட்கிறேன். பதிவேட்டின் சாவி அந்த மூப்பரிடம்தான் இருக்கிறது. அவரிடமும் கேட்பேன்.