ஒரே பெயரில் இரண்டு ஸ்டோர்டு புரொசீஜர்கள்: பழையதைப் பாதுகாப்பாக நீக்குவது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஸ்டோர்டு புரொசீஜர்களை (தரவுத்தளத்திலேயே சேமித்து வைத்து, பெயர் சொல்லி அழைத்து இயக்கும் நிரல்களை) நீக்கி மீண்டும் உருவாக்குவது குறித்து உங்கள் அனுபவத்தை அறிய விரும்புகிறேன்.

தேதியை மட்டும் பெற்றுக்கொண்டு மாதக் கணக்கை முடிக்கும் புரொசீஜர் ஒன்றில், இயல்பு மதிப்புடன் கிளை எண் என்ற இரண்டாவது அளவுருவை (அழைக்கும்போது கொடுக்கும் மதிப்பை) சேர்த்து, இல்லாவிட்டால் உருவாக்கி, இருந்தால் மாற்றியெழுதும் 'கிரியேட் ஆர் ரீப்ளேஸ்' கட்டளையை இயக்கினேன். அளவுருக்களின் வகைப் பட்டியல் மாறினால் போஸ்ட்கிரெஸ் அதை வேறொரு புரொசீஜராகவே கருதுவதால், பழையது அப்படியே இருக்க, புதியதும் அதே பெயரில் உருவாகிவிட்டது. இப்போது தேதியை மட்டும் கொடுத்து அழைத்தால், எதை இயக்குவது என்று தெளிவாக இல்லை என்ற பிழைச்செய்தி வருகிறது. பெயரை மட்டும் கொடுத்து, நீக்குவதற்கான 'டிராப் புரொசீஜர்' கட்டளையை இயக்கினாலும் இதே சிக்கல்தான். அடைப்புக்குறிக்குள் அளவுருவின் வகையையும் குறிப்பிட்டால்தான் நீங்குகிறது.

என் உண்மையான கவலை அனுமதிகளைப் பற்றியது. 'ரீப்ளேஸ்' செய்யும்போது உரிமையாளரும் அனுமதிகளும் மாறுவதில்லை; நீக்கிவிட்டு உருவாக்கும்போதோ, நாம் கவனமாகப் பறித்து வைத்திருந்த பொது இயக்க அனுமதி (எந்தப் பயனரும் இயக்கலாம் என்பது) இயல்பாகவே திரும்பிவிடுகிறது. சம்பளம், கணக்கு போன்றவற்றைத் தொடும் புரொசீஜர்களில் இது சிறிய விஷயமன்று.

நீக்குதல், உருவாக்குதல், அனுமதி வழங்குதல் ஆகிய மூன்றையும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் (எல்லாமே நிறைவேறும், இல்லையேல் எதுவுமே நிறைவேறாத செயல்தொகுதிக்குள்) வைக்க எண்ணியிருக்கிறேன். தரவுத்தள மாற்றங்களை வரிசையாக எழுதி வைக்கும் உங்கள் மைக்ரேஷன் கோப்புகளில் இதை எப்படி எழுதுகிறீர்கள்? போஸ்ட்கிரெஸ் தன் விவரங்களை வைத்திருக்கும் அமைப்பு அட்டவணையிலிருந்து அனுமதிகளைப் படித்துத் தானாகவே மீட்டமைக்கும் ஸ்கிரிப்ட் யாரிடமாவது இருந்தால் பகிர வேண்டுகிறேன்.